நாரைகள் போன பிறகு...
ஏரிக் கரைகளில் ஒரு சைக்கிள் சவாரி

வேடந்தாங்கலுக்கு ஜனங்கள் எப்போது போவார்கள்? கார்த்திகையில் போவார்கள். மார்கழி, தை மாதங்களில் போவார்கள். அப்போதுதான் ஏரியில் தண்ணீர் இருக்கும். மரம் கொள்ளாமல் பறவைகள் உட்கார்ந்திருக்கும்.

நான் போனது ஆனி மாதத்தில்!

"கல்யாணம் முடிந்து பந்தலையும் பிரித்த பிறகு மொய் எழுதப் போகிறாயே!" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்.

போகட்டும். எனக்குப் பறவை மேல் அவ்வளவு ஆசை இல்லை. ஏரி மேல்தான் ஆசை. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டு. அதிலும் செங்கல்பட்டுச் சீமைக்கு "ஏரி மாவட்டம்" என்றே பெயர். ஒரு ஏரியின் கலங்கல் கண்ணுக்கு மறைவதற்குள் அடுத்த ஏரியின் கரை தெரியும். தண்ணீர் நிறைந்த காலத்தில் போனால் கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வற்றிய காலத்தில் போனால் உள்ளே இறங்கலாம். மதகைத் தொட்டுப் பார்க்கலாம். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

காரில் போனால் இதெல்லாம் நடக்காது. ஆகவே சைக்கிள்!

வாடகை சைக்கிள்

காலை ரெயிலில் மதுராந்தகம் போய் இறங்கினேன். கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடை. "வாடகைக்கு ஒரு சைக்கிள் வேண்டும்" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாடகை சைக்கிளா? அதெல்லாம் நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது சார். இப்போது யார் கேட்கிறார்கள்? எல்லோரிடமும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது!"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்து அவருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். தம் சொந்த சைக்கிளையே வெளியே எடுத்தார். பழைய கறுப்பு சைக்கிள். பின்னால் இரும்புக் கேரியர். காற்று அடித்தார். சங்கிலிக்கு எண்ணெய் விட்டார்.

"பிரேக் கொஞ்சம் மெதுவாகத்தான் பிடிக்கும். நீங்களும் மெதுவாகப் போங்கள். எதுவரைக்கும்?"

"வேடந்தாங்கல். அப்படியே உத்திரமேரூர்."

"உத்திரமேரூரா! போகவர 50 கிலோ மீட்டருக்கு மேல் ஆகுமே! எதற்கு?"

ஏரி பார்க்க என்று சொன்னால் சைக்கிள் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, "ஒரு வேலை" என்று சொல்லி வைத்தேன்.

கலெக்டர் கண்ட காட்சி

மதுராந்தகம் ஏரி மிகப் பெரியது. கரையின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை புகை மூட்டமாகத்தான் தெரியும். மழைக்காலத்தில் மிஞ்சிய தண்ணீர் கலங்கலைத் தாண்டி, கிளியாற்றில் விழுந்து, பாலாற்றில் போய்ச் சேரும்.

இந்த ஊர்க் கோயில் சாமிக்கு "ஏரி காத்த ராமர்" என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலம். 18ஆம் நூற்றாண்டு முடியப்போகிற சமயம். செங்கல்பட்டில் லயனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரர் கலெக்டராக இருந்தார். மதுராந்தகம் ஏரிக் கரை மழைக்கு அடிக்கடி உடைந்தது. எத்தனை செலவு செய்து அடைத்தாலும் நிற்கவில்லை. அந்த நேரத்தில் கோயில்காரர்கள் வந்து, "தாயாருக்கு ஒரு சந்நிதி கட்டித் தாருங்கள்" என்று கேட்டார்கள். "உங்கள் ராமர் இந்தக் கரையைக் காப்பாற்றட்டும். பிறகு பார்க்கலாம்" என்றாராம் துரை.

மழை வந்தது. ஏரி நிரம்பி வழிந்தது. இரவு நேரத்தில் பிளேஸ் துரை கரைக்குப் போனார். அங்கே கையில் வில்லோடு இரண்டு வீரர்கள் கரையைக் காவல் காத்து நிற்பதைக் கண்டாராம்! விடிந்து பார்த்தால் கரை உடையவில்லை. துரை மனம் மாறி, தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார். கோயிலில் அவர் பெயர் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது.

வில்லோடு நின்றது யார் என்பது அவரவர் நம்பிக்கை. எனக்கு அந்தக் கதையில் வேறொன்று பிடித்தது. கொட்டுகிற மழையில், நள்ளிரவில், கலெக்டர் வீட்டில் படுத்துக்கிடக்கவில்லை. கரைக்குப் போனார்.

எதிர்காற்று

மதுராந்தகத்தை விட்டு மேற்கே திரும்பியதும் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் வயல். சில வயல்களில் சொர்ணவாரி நெல் பச்சைப் பசேலென்று நின்றது. ஏரியில் தண்ணீர் இல்லாதபோது நெல் எப்படி? எல்லாம் போர் போட்ட கிணற்றுத் தண்ணீர்! மற்ற வயல்களில் வெறும் தாள் கட்டை. அதில் ஆடுகள் மேய்ந்தன. கரை ஓரமெல்லாம் பனைமரங்கள். மரத்தடியில் ஒரு அம்மாள் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். ஐந்து நுங்கு தின்றேன். அதற்குப் பிறகுதான் சைக்கிள் கொஞ்சம் நகர்ந்தது.

ஏனென்றால், ஆனி மாதம் மேல்காற்று மாதம். காற்று எதிரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. முதலிலேயே இதை யோசிக்காமல் போனேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வழியில் ஒரு சின்ன ஏரி. ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. காரணம் பிறகு தெரியும். அந்தக் கரை மேல் ஒரு பெரியவர் தனியாக நடந்துகொண்டிருந்தார். தலையில் துண்டு, தோளில் மண்வெட்டி. நாலு அடி வைப்பார். குனிவார். தரையை உற்றுப் பார்ப்பார். மறுபடி நாலு அடி. காசு எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

காலி வீடு

வேடந்தாங்கல் வந்தது. நண்பர்கள் சொன்னது சரி. பந்தல் பிரித்த கல்யாண வீடு போலத்தான் இருந்தது. ஏரியின் ஒரு மூலையில் மட்டும் குட்டை போலக் கொஞ்சம் தண்ணீர். மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்த தரை. அதன் நடுவே நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் கால் நனையாமல் நின்றன. கிளைகளில் பழைய கூடுகள். அள்ளிப் போட்ட சுள்ளிக் கட்டுகளைப் போல அவை காற்றில் ஆடின. ஒரே ஒரு கொக்கு குட்டை ஓரத்தில் தவம் செய்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு மீன்கொத்தி. அவ்வளவுதான்!

"நாரையெல்லாம் போய்விட்டதே சார்! மழை விழட்டும், தானாக வரும்" என்று ஆடு மேய்த்த பையன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

வரத்தான் செய்யும். நத்தைகுத்தி நாரை வரும். கூழைக்கடா வரும். கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் வரும். வடக்கே குளிர் தேசங்களிலிருந்து ஊசிவால் வாத்தும் கிளுவையும் வரும். சில பறவைகள் இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். சில பறவைகள் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போகும்.

இந்த ஏரி அப்படி ஒன்றும் பெரியது இல்லை. சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர்தான். இதற்கு மட்டும் இவ்வளவு பறவைகள் ஏன் வருகின்றன? இந்த ஊர் மக்கள் அவற்றைத் தொடுவதில்லை. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே இவ்வூர் விவசாயிகள் பல தலைமுறைக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். "இங்கே பறவைகளைச் சுடக்கூடாது" என்று 1798இல் எழுத்து வாங்கி வந்தார்கள். அதற்குக் கவுல் என்று பெயர். கொடுத்த கலெக்டர் யார் தெரியுமா? மதுராந்தகத்தில் மழையில் நனைந்தாரே, அதே பிளேஸ் துரைதான்!

1936இல் இது சரணாலயம் ஆயிற்று. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் தூரத்தையும் சரணாலயத்தில் சேர்த்து அரசு அறிவித்தது. 2022இல் இதையும் பக்கத்தில் உள்ள கரிக்கிலியையும் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். உலகம் முழுவதும் காப்பாற்ற வேண்டிய நீர்நிலைகளின் பட்டியல் அது. இவ்வளவு சட்டம் வந்த பிறகும், தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது இந்த ஊரார் தாமாக ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு. குழந்தைகளைப் பெற்றவர்களுக்குத் தெரியும், அது எத்தனை கஷ்டமான காரியம் என்று!

சுற்றிலும் 5 கிலோ மீட்டர் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். பறவை தூங்குவதும் குஞ்சு பொரிப்பதும் இங்கே. சாப்பிடுவது இங்கே அல்ல. சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும்தான் நத்தையும் மீனும் தேடுகின்றன. பெயர் இல்லாத அந்தச் சின்ன ஏரிகள் வறண்டால் வேடந்தாங்கலுக்கும் பறவை வராது.

குடத்தில் ஓலை

உத்திரமேரூர் போய்ச் சேரும்போது உச்சி வெயில். கால் இரண்டும் என் கால்களாக இல்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடப் பாடத்தில் "குடவோலை முறை" என்று படித்திருப்பீர்கள். அந்தக் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். யார் பெயர் வந்ததோ அவர் ஒரு வருஷத்துக்கு உறுப்பினர்!

எல்லாரும் தேர்தலைத்தான் பேசுகிறார்கள். எதற்காகத் தேர்தல் என்று கேட்பதில்லை. அந்த வாரியங்களில் ஒன்றுக்குப் பெயர் "ஏரி வாரியம்". ஆறு பேர். ஏரியைப் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. 35 வயதுக்குக் குறைந்தவர் கூடாது. 70 வயதுக்கு மேற்பட்டவர் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருக்கு உறவினரும் கூடாது!

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது வேதம் படித்த பிராமணர்களின் சபை. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயலில் இறங்கி உழுதவருக்கு இதில் இடம் இல்லை. பெண்களுக்கும் இல்லை. ஆனாலும், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஏரிக்கென்று ஆள் நியமித்து, கணக்கும் கேட்டார்களே!

இப்போது யார் பார்க்கிறார்கள்? 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி என்றால் அரசின் நீர்வளத் துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். காகிதத்தில் சரிதான். ராத்திரியில் மழை பெய்யும்போது கரையில் நிற்பது யார்?

நண்டு வளை

இந்தக் கேள்விக்குத் திரும்பும் வழியில் பதில் கிடைத்தது.

காற்று இப்போது முதுகுப் பக்கம். சைக்கிள் தானாகப் பறந்தது. மாலை நாலரை மணிக்கு அந்தச் சின்ன ஏரிக்கு வந்தேன். காலையில் பார்த்த பெரியவர் இன்னும் அங்கேயே இருந்தார்! இப்போது கரைச் சரிவில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

"ஐயா, காலையிலிருந்து எதைத் தேடுகிறீர்கள்?"

"வளை தம்பி. நண்டு வளை."

இந்த ஊரில் அவர் நீர்க்கட்டி. அவர் அப்பாவும் நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று முறை வைப்பது, மழை நாளில் கரையைக் காப்பது எல்லாம் நீர்க்கட்டி வேலை. கூலி உண்டா? அறுவடைக் களத்தில் ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல் அளந்து கொடுப்பார்கள்.

"இப்போது கொடுக்கிறார்களா?"

"ஒருசிலர் கொடுக்கிறார்கள். எல்லோரும் போர் போட்டுவிட்டார்கள். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் கொட்டுகிறது. அப்புறம் மதகு எதற்கு? என் முறை எதற்கு?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. "ஆனால் ஏரியில் தண்ணீர் நின்றால்தானே போரிலும் தண்ணீர் வரும்? அது கொஞ்சம் மறந்துவிட்டது."

குழிக்குள் எட்டிப் பார்த்தேன். விரல் இரண்டு நுழையும் அளவுக்கு ஒரு துளை, கரையின் உள்ளே வளைந்து போனது.

"இந்தத் துளையா ஏரியை உடைத்துவிடும்?"

பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "தண்ணீர் மேலே வழிந்துதான் கரை உடையும் என்று நினைக்கிறீர்கள். வழிந்து உடைவதும் உண்டு. உள்ளேயே அரித்து உடைவதுதான் பெரிய ஆபத்து. இந்தப் பக்கம் நண்டு துளைக்கும். அந்தப் பக்கம் எலி துளைக்கும். இரண்டும் எங்கேயாவது சந்தித்துவிட்டால் தீர்ந்தது! ஏரி நிரம்பினதும் அடிவாரத்தில் கசியும். தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் பயம் இல்லை. கலங்கி வந்தால் கரை மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அப்போது ஊரைக் கூப்பிட வேண்டும்."

2015ஆம் வருஷம் அப்படித்தான் ஆயிற்று. அந்தப் பெருமழையில் இந்தப் பக்கத்தில் பல ஏரிகள் உடைந்தன. இவர் கையில் டார்ச் லைட்டோடு கரையில் நடந்துகொண்டே இருந்தார். நடுராத்திரியில் ஒரு இடத்தில் தண்ணீர் கலங்கி வந்தது. ஊருக்குள் ஓடிப் பையன்களை எழுப்பினார். மணல் மூட்டை, வைக்கோல், தென்னங்கீற்று, வீட்டுக் கதவு ஒன்று, கிடைத்ததையெல்லாம் போட்டு அடைத்தார்கள். விடிகிறவரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கரை நின்றது.

"கரை போயிருந்தால்?"

கீழே தெரிந்த ஓட்டு வீடுகளைக் காட்டினார். "முதல் வீடு என் வீடுதான்."

அவருக்கு ஒரு மகன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். "நல்ல பையன். மாதம் தவறாமல் பணம் கொடுக்கிறான். மண்வெட்டி பிடி என்று அவனிடம் எப்படிச் சொல்வது? வாரத்தில் ஒரு நாள்தான் தூங்குகிறான்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி அவருக்குச் சொன்னேன். ஏரிக்கென்று ஒரு வாரியம் இருந்ததைச் சொன்னேன். வயது 35 முதல் 70 வரை என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு 72 தம்பி! அந்த ராஜா இருந்திருந்தால் என்னை எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆமாம், உங்களுக்கு என்ன வயது?"

"36."

"அப்படியானால் அந்தக் கூடையை எடுங்கள்!"

எடுத்தேன். வேறு என்ன செய்வது?

வளையின் வாயை மட்டும் அடைத்தால் போதாதாம். நண்டு பக்கத்திலேயே வேறு வாய் திறந்துகொள்ளும். வளை எதுவரை போகிறதோ அதுவரை தோண்டிவிட்டு, களிமண்ணை ஈரமாக்கி, ஒரு சாண் ஒரு சாணாகப் போட்டு, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். ஏரிக்குள் இறங்கிக் களிமண் வெட்டினோம். பள்ளத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்தேன். எட்டாவது கூடையில் எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு ஒன்றும் இல்லை. "எழுதுகிற கை. கொப்புளம் வந்துவிடும். மெதுவாக, மெதுவாக" என்று மட்டும் சொன்னார். கொப்புளம் வந்துவிட்டது.

கடைசி மண்ணை இடித்து முடித்தபோது சூரியன் பனைமரங்களுக்குக் கீழே இறங்கிவிட்டது. அடைத்த இடத்தின் மேல் ஏறி நின்று, குதிகாலால் இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார்.

"இன்னும் மூன்று வளை இருக்கிறது. ஐப்பசி மழைக்குள் முடித்துவிடுவேன். கார்த்திகையில் வந்து பாருங்கள். இந்தக் கரைக்குக் கீழே, அதோ அந்த மூலையில், வேடந்தாங்கல் நாரையெல்லாம் வந்து நத்தை பொறுக்கும். காலையில் எழுந்தால் அதுகள் முகத்தில்தான் விழிப்பேன்."

மதுராந்தகம் வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. சைக்கிள் கடைக்காரர் கடையைச் சாத்தாமல் எனக்காகக் காத்திருந்தார். விளக்கு வெளிச்சத்தில் என் சட்டையைப் பார்த்தார். முழங்கை வரை அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார்.

"ஐயோ! எங்கே சார் விழுந்தீர்கள்? சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். அது கோணாமல் சுற்றியது.